மின்னணுச் சாவி ஏற்கப்படாமை (மோட்டார் சைக்கிள்)

மின்னணுச் சாவி ஏற்கப்படாமை என்பது, இயக்கத் தடுப்பி பொருத்தப்பட்ட ஒரு மோட்டார் சைக்கிள், தன் சாவியினுள் பதிந்திருக்கும் மின்னணுக் குறியீட்டை அடையாளம் காணாது எஞ்சினை இயங்கவிடாமல் தடுத்து வைக்கும் கோளாறு ஆகும். இந்நிலையில் சாவி பூட்டினுள் நுழையும், திரும்பும், ஹேண்டில் பூட்டையும் விடுவிக்கும். மீட்டரில் விளக்குகளும் எரியும். எஞ்சின் மட்டும் இயங்காது. சில வண்டிகளில் ஸ்டார்ட்டர் மோட்டார் சுற்றினாலும் தீப்பொறியும் எரிபொருளும் கிடைக்காது. வேறு சிலவற்றில் ஸ்டார்ட்டரே சுற்றாது.

இக்கோளாறு பெரும்பாலும் எளிய காரணங்களால் தோன்றுகிறது. ஒரே வளையத்தில் கோத்த இன்னொரு வண்டியின் சாவி, வலுவிழந்த பேட்டரி, முறிந்துபோன ஒரு கம்பி ஆகியவை அவற்றுட் சில. எனினும் பழுது நீங்கும் முன்னர், பதிவு பெற்ற கடைசிச் சாவியும் கையை விட்டுப் போய்விட்டால், சிறிய பழுது எஞ்சின் கட்டுப்பாட்டகத்தையே மாற்றும் அளவுக்கு வளர்ந்துவிடும். ஆதலால் கோளாறைத் தேடும் வரிசையும், சாவிகளைப் பேணும் முறையும் இங்கு ஒன்றோடொன்று பிணைந்தவை.

இந்தியச் சாலைகளில் மிகுதியாக ஓடும் சிறிய மோட்டார் சைக்கிள்கள் பலவற்றில் இத்தகைய தடுப்பி நெடுங்காலம் இருந்ததில்லை. பெரிய எஞ்சின் கொண்ட வண்டிகளை வைத்திருப்போரே இதனை அறிந்திருந்தனர். 2023 சனவரியில் ஹோண்டா நிறுவனம் ஆக்டிவா ஸ்கூட்டரின் எச்-ஸ்மார்ட் வகையை இந்தியாவில் வெளியிட்டது. அதன் பின்னர் அன்றாட ஸ்கூட்டர் ஓட்டுநர்களும் இதனைச் சந்திக்கத் தொடங்கினர்.

சாவியும் வண்டியும் தொடர்பு கொள்ளும் முறை

இயக்கத் தடுப்பி உள்ள வண்டியின் சாவி உண்மையில் இரண்டு சாவிகள் ஆகும். ஒன்று, பூட்டைத் திருப்பும் உலோகத் தகடு. மற்றொன்று, அதன் பிளாஸ்டிக் தலைப்பகுதியில் புதைந்திருக்கும் டிரான்ஸ்பாண்டர் எனப்படும் மறுமொழிச் சில்லு. இச்சில்லு பொதுவாக ஓர் அரிசி மணியைவிடச் சற்றே பெரிய கண்ணாடிக் குப்பியாகவோ, சிறு கருநிற ஆப்பு வடிவிலோ இருக்கும். இதற்கெனத் தனி பேட்டரி கிடையாது.

வண்டியின் சாவித் துளையைச் சுற்றி, பிளாஸ்டிக் வளையம் ஒன்றினுள் செம்புக் கம்பிச்சுருள் அமைக்கப்பட்டுள்ளது. இதுவே ஆண்டெனா. சாவியை ஆன் நிலைக்குத் திருப்பியவுடன் இச்சுருளில் ஏறத்தாழ 125 கிலோ எர்ட்சு அதிர்வெண்ணில் மாறுமின்னோட்டம் பாய்கிறது. அதனால் எழும் மாறும் காந்தப்புலம், சாவியிலுள்ள சிறு சுருளில் மின்னழுத்தத்தைத் தூண்டுகிறது. மின்மாற்றியின் இரு சுருள்களுக்கு இடையே நிகழ்வதும் இதுவே. இவ்வாறு பெற்ற சொற்ப ஆற்றலைக் கொண்டு சில்லு விழித்தெழுந்து தன் குறியீட்டைத் தெரிவிக்கிறது.

பெரும்பாலான சில்லுகள் இதற்காகத் தாமாக அலை எதனையும் பரப்புவதில்லை. தம் சுருளின் மீதான மின்சுமையைக் கூட்டியும் குறைத்தும், வண்டியின் சுருளில் மெல்லிய ஏற்ற இறக்கங்களை உண்டாக்குகின்றன. வண்டி அந்த ஏற்ற இறக்கத்தை 0, 1 என்னும் இரும எண்களாகப் படித்துக்கொள்கிறது. தொடக்க காலச் சில்லுகள் மாறாத ஒரே எண்ணைத் திருப்பிச் சொல்லின. பிற்கால வகைகளில் வண்டி ஒவ்வொரு முறையும் புதியதோர் எண்ணை அனுப்பும். சில்லு தன்னிடமுள்ள மறைவான விசையால் அதனைக் கணக்கிட்டு விடையளிக்கும். விடை சரியாக இருந்தால் மட்டுமே கட்டுப்பாட்டகம் தீப்பொறிக்கும் எரிபொருள் பீய்ச்சலுக்கும் இசைவு தரும். இவை யாவும் கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடுவதால் ஓட்டுநர் எதனையும் உணர்வதில்லை.

இங்கு ஓர் இயற்பியல் உண்மையைக் கருத்திற் கொள்ள வேண்டும். 125 கிலோ எர்ட்சு அலையின் நீளம் 2.4 கிலோமீட்டர். சாவிக்கும் சுருளுக்கும் இடையிலோ ஒரு சில சென்டிமீட்டர்களே உள்ளன. எனவே இங்கு நிகழ்வது வானொலிபோல் தொலைவுக்கு அலை பரப்புவது அன்று. நெருங்கிய இரு சுருள்களுக்கு இடையிலான தூண்டலே. இத்தகைய காந்தப்புலம் சுருளை விட்டு விலகும்போது, தொலைவின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் மிக விரைவாக வலுவிழக்கும். இதனாலேயே சாவித் தலையின் அருகில் உள்ள ஒரு சிறு பொருள்கூட இத்தொடர்பைக் கெடுக்க முடிகிறது. சில மீட்டர்களுக்கு அப்பால் உள்ள மற்றொரு வண்டியின் சாவியோ எத்தீங்கும் செய்வதில்லை.

எச்சரிக்கை விளக்கின் பொருள்

ஹோண்டாவின் எச்.ஐ.எஸ்.எஸ். எனப்படும் தடுப்பி முறையில், சாவியை ஆன் செய்தவுடன் மீட்டரிலுள்ள அதற்குரிய விளக்கு ஓரிரு நொடிகள் எரிந்து அணைய வேண்டும். அணைந்தால் சாவி ஏற்கப்பட்டது என்று பொருள். அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால் குறியீடு படிக்கப்படவில்லை, அல்லது படிக்கப்பட்ட குறியீடு பதிவில் இல்லை. இச்சோதனையின்போது வலக்கைப் பக்கமுள்ள கில் சுவிட்ச் இயங்கு நிலையில் இருத்தல் வேண்டும். அது நிறுத்த நிலையில் இருந்தாலும் விளக்கு அணையாது நிற்கக்கூடும். சாவியே கெட்டுவிட்டது எனக் கருதி வண்டியை ஏற்றிச் சென்றபின், கில் சுவிட்சைத் தட்டியதும் எஞ்சின் இயங்குவது பழுதுபார்ப்போர் நன்கறிந்த ஒன்றாகும்.

இதற்கு நேர்மாறான குழப்பமும் உண்டு. வண்டி அணைக்கப்பட்டுச் சாவி வெளியே எடுக்கப்பட்ட பின்னர் இவ்விளக்கு விட்டுவிட்டு மினுக்கினால், அது கோளாறு அன்று. வண்டி காக்கப்படுகிறது என்பதைத் திருடருக்கு அறிவிப்பதற்காகவே அவ்வாறு செய்யப்பட்டுள்ளது. யமஹா வண்டிகளில் அணைத்து 30 நொடிகள் கழித்து மினுக்கல் தொடங்கும். பேட்டரியைச் சேமிக்க 24 மணி நேரத்திற்குப் பின் மினுக்கல் நின்றுவிடும். ஆனால் தடுப்பி தொடர்ந்து விழிப்புடனேயே இருக்கும்.

விளக்கு முறையாக அணைந்தும் எஞ்சின் இயங்கவில்லை எனில் குற்றம் சாவியிடம் இல்லை. சைடு ஸ்டாண்டு சுவிட்ச், கிளட்ச் சுவிட்ச், நியூட்ரல் சுவிட்ச், வண்டி சாய்ந்ததை அறியும் உணரி, எரிபொருள் பம்பு ஆகியவற்றின் பக்கம் தேட வேண்டும். விளக்கைப் பார்ப்பது அரை நிமிட வேலை. அது தேடலைப் பாதியாகக் குறைத்துவிடும்.

காரணங்கள்

மிகப் பரவலான காரணம், ஒரே வளையத்தில் கோக்கப்பட்ட பிற மின்னணுச் சாவிகளே. காரின் சாவியோ, அதே வண்டியின் மாற்றுச் சாவியோ அருகில் தொங்கினால், காந்தப்புலம் இரு சில்லுகளையும் ஒருசேர எழுப்பும். இரண்டும் ஒரே நேரத்தில் விடையளிக்க, வண்டிக்குக் கேட்பது இரு குரல்கள் கலந்த இரைச்சலே. பெரிய உலோக வளையங்களும் பித்தளைப் பதக்கங்களும் வேறு வகையில் இடையூறு செய்கின்றன. அவற்றில் சுழல் மின்னோட்டம் எழுந்து புலத்தின் ஆற்றலை உறிஞ்சிக்கொள்ளும். சுருளின் ஒத்ததிர்வும் நிலை மாறும். தொட்டியின் மேல் வைக்கும் காந்தப் பைகள், காந்தம் பதித்த கைப்பேசித் தாங்கிகள், ஹேண்டிலில் பின்னர் பொருத்தப்பட்ட மின்னேற்றிகள் ஆகியனவும் ஐயத்திற்குரியவை.

அடுத்தது பேட்டரி. முழுதும் மின்னேறிய 12 வோல்ட் ஈய-அமில பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்டும். 12 வோல்ட்டுக்கு இறங்கியிருந்தால் அது ஏறத்தாழ வெறுமையாகிவிட்டது எனலாம். முகப்பு விளக்கு எரிவதைக் கொண்டு பேட்டரி நலமாக உள்ளது என முடிவு செய்தல் தவறு. ஸ்டார்ட்டர் சுற்றும்போது மின்னழுத்தம் மேலும் சரிந்து, கட்டுப்பாட்டகம் இடையிலேயே நின்று மீளத் தொடங்கும். அப்போது சாவியைப் படிக்கும் பணியும் அறுபடுகிறது. பல நாட்கள் நிறுத்தி வைத்த வண்டிகளில் இதுவே முதல் ஐயமாக இருத்தல் வேண்டும்.

மூன்றாவது காரணம் மோட்டார் சைக்கிளுக்கே உரியது. காரில் சாவித் துளை அசையாத பகுதியில் இருக்கும். மோட்டார் சைக்கிளிலோ அது பெரும்பாலும் ஹேண்டிலோடு சேர்ந்து திரும்பும் மேல் தகட்டில் அமைந்துள்ளது. அங்கிருந்து சட்டகத்திற்கு வரும் கம்பிகள் ஒவ்வொரு திருப்பத்திலும் வளைந்து நிமிர்கின்றன. ஆண்டுகள் செல்லச் செல்ல, மேலுறை சிதையாமலே உள்ளிருக்கும் செம்பு இழைகள் முறியலாம். ஹேண்டிலை ஒரு பக்கம் திருப்பினால் சாவி ஏற்கப்பட்டு, மறுபக்கம் திருப்பினால் ஏற்கப்படாவிடில், முறிவு அங்கேதான் எனப் பெரிதும் உறுதி கொள்ளலாம். மழைநீர் புகுந்து பச்சை பூத்த இணைப்பிகளும் இதே போன்று விட்டுவிட்டுத் தோன்றும் கோளாறைத் தரும்.

சாவிச் சில்லு தானாகப் பழுதாவது ஒப்பளவில் அரிது. ஆனால் கல் தரையில் விழுந்தால் கண்ணாடிக் குப்பி விரிசலுறும். தலைப்பகுதி உடைந்த சாவியிலிருந்து சில்லு எவரும் அறியாமல் உதிர்ந்து போவதும் உண்டு. பூட்டை மட்டும் மாற்றியவர்கள், வேறு வண்டியின் கட்டுப்பாட்டகத்தைப் பழைய விலைக்கு வாங்கிப் பொருத்தியவர்கள் ஆகியோரும் இக்கோளாற்றைத் தாமே வரவழைத்துக் கொள்கின்றனர். பொறிமுறைப்படி எல்லாம் பொருந்தினாலும் நினைவகத்தில் உள்ள குறியீடுகள் பொருந்தா.

கண்டறியும் வரிசை

முதலில் சாவியை வளையத்திலிருந்து கழற்றித் தனியாக்க வேண்டும். பிற சாவிகளையும் கைப்பேசியையும் ஒரு மீட்டருக்கு அப்பால் வைத்துவிட்டு, கில் சுவிட்ச் இயங்கு நிலையில் உள்ளதைப் பார்த்து, சாவியை முழுவதும் உள்ளே தள்ளி ஆன் செய்ய வேண்டும். பயனில்லையெனில் அணைத்துச் சில நொடிகள் பொறுத்து மீண்டும் முயலலாம். வண்டி நிற்கும் இடமும் காரணமாகலாம். வலுவான ஒலி, ஒளிபரப்புக் கோபுரங்களின் அருகில் சிறிது தள்ளி நிறுத்திப் பார்ப்பது தகும்.

அடுத்த சோதனை மாற்றுச் சாவி. இதுவே எல்லாச் சோதனைகளிலும் மிகுந்த பயனுடையது. மாற்றுச் சாவியை வண்டி ஏற்றுக்கொண்டால் ஆண்டெனா, கம்பிகள், கட்டுப்பாட்டகம் அனைத்தும் நலம். பழுது முதற் சாவியின் சில்லில் உள்ளது. இரு சாவிகளும் ஏற்கப்படவில்லையெனில், இரண்டு சில்லுகளும் ஒரே நாளில் கெட்டிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. பழுது வண்டியின் பக்கமே உள்ளது. மென்பொருள் பிழையைத் தேடுவோர் ஒரு பகுதியை மட்டும் மாற்றி மற்றவற்றை அப்படியே விட்டுப் பார்ப்பதற்கு இது நிகரானது.

வண்டியின் பக்கம் எனத் தெரிந்தபின் பேட்டரியின் மின்னழுத்தம், முனைகளின் இறுக்கம், பியூஸ்கள் ஆகியவற்றை இவ்வரிசையிலேயே பார்க்க வேண்டும். அதன் பின்னர் ஹேண்டிலை இருபுறமும் மெல்லத் திருப்பியவாறு விளக்கைக் கவனிக்க வேண்டும். பன்மானி உள்ளவர்கள் ஆண்டெனா தனிச் சுருளாக வரும் வண்டிகளில், இணைப்பியைக் கழற்றிச் சுருளின் மின்தடையை அளக்கலாம். அறுபடாத சுருள் ஒரு குறிப்பிட்ட மின்தடையைக் காட்டும். அறுந்த சுருளில் மானி முடிவிலியைக் காட்டும். சில வண்டிகளில் சுருளோடு மின்னணுச் சுற்றும் ஒரே கூட்டினுள் அடைக்கப்பட்டிருக்கும். அவற்றில் இச்சோதனை பொருந்தாது என்பதால் அந்தந்த வண்டியின் பழுதுபார்ப்புக் கையேட்டைப் பார்ப்பதே முறை. கட்டுப்பாட்டகத்தைக் குறை கூறுவது கடைசியில்தான். விலை மிகுந்த அப்பகுதி முதலில் மாற்றப்பட்டு, கோளாறு அப்படியே எஞ்சுவது வருந்தத்தக்க செலவாகும்.

யமஹாவின் பிழைக்குறிகள்

யமஹா வண்டிகளின் தடுப்பி, தொடர்பு எந்த இடத்தில் அறுந்தது என்பதை ஈரிலக்க எண்ணால் தெரிவிக்கிறது. திரை உள்ள வண்டிகளில் எண் திரையில் தோன்றும். விளக்கின் மினுக்கலாகவும் படிக்கலாம். நீண்ட மினுக்கல்கள் பத்துகளையும் குறுகியவை ஒன்றுகளையும் குறிக்கும். 51 எனில் சாவிக்கும் தடுப்பிக்கும் இடையே குறியீடு கடக்கவில்லை. ஆண்டெனா, உலோகம், சில்லு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். 52 எனில் குறியீடு வந்து சேர்ந்தது, ஆனால் பதிவில் உள்ளதோடு பொருந்தவில்லை. அருகில் பிற சாவி இருந்தாலும் இவ்வெண் தோன்றும். 53 தடுப்பிக்கும் எஞ்சின் கட்டுப்பாட்டகத்திற்கும் இடையே தொடர்பின்மையையும், 54 அவ்விரண்டின் குறியீடுகள் பொருந்தாமையையும் காட்டும். 55 சாவியைப் பதிவு செய்யும்போது நேர்ந்த தவறைக் குறிக்கும். பி.எம்.டபிள்யூ. வண்டிகள் இத்தனை நுணுக்கம் காட்டாமல், தம் தடுப்பியின் செருமானியப் பெயர்ச் சுருக்கமான ஈ.டபிள்யூ.எஸ். என்னும் எழுத்துகளைத் திரையில் காட்டுகின்றன.

சாவிப் பதிவும் சாவி தொலைதலும்

தெருவோரச் சாவிக்கடையில் வெட்டப்படும் நகல், பூட்டைத் திருப்பும், எஞ்சினை இயக்காது. புதிய சாவியின் சில்லை வண்டியின் நினைவகத்தில் பதிவு செய்தல் வேண்டும். அதற்கு முன்னரே பதிவு பெற்ற ஒரு சாவி இன்றியமையாதது. உள்ளிருப்பவர் கதவைத் திறந்தால் மட்டுமே புதியவர் நுழைய முடியும் என்பது போன்ற ஏற்பாடு இது.

ஹோண்டாவின் முறையில் அதிகபட்சமாக 4 சாவிகளைப் பதியலாம். பதிவு முறைக்குள் நுழையும்போது, அதற்குப் பயன்படுத்திய சாவியைத் தவிர ஏனைய சாவிகளின் பதிவுகள் அனைத்தும் அழிந்துவிடும். தொலைந்த சாவி பிறர் கையில் கிடைத்தாலும் பயன்படாமற் போவதற்காகவே இவ்வாறு அமைத்துள்ளனர். இதனை அறியாமல் ஒரு சாவியை மட்டும் பணிமனைக்குக் கொண்டு செல்பவர், வீட்டில் வைத்துவிட்டு வந்த நல்ல சாவியும் செயலற்றுப் போனதைப் பின்னரே அறிகிறார். எனவே எல்லாச் சாவிகளையும் உடன் எடுத்துச் செல்ல வேண்டும். எல்லாச் சாவிகளும் தொலைந்துவிட்டால் கட்டுப்பாட்டகத்தை மாற்றுவதைத் தவிர அந்நிறுவனம் வேறு வழி தருவதில்லை.

யமஹாவில் வண்டியோடு மூன்று சாவிகள் வரும். இரண்டு கருந்தலைச் சாவிகள் அன்றாடப் பயன்பாட்டுக்கு உரியவை. செந்தலைச் சாவி பதிவு செய்வதற்கு மட்டுமே உரியது. அதனை ஓட்டுவதற்குப் பயன்படுத்தாமல் பத்திரப்படுத்த வேண்டும் என்பது நிறுவனத்தின் அறிவுரை. 52 என்னும் பிழை வந்தால், பிற சாவிகளை அகற்றிவிட்டுச் செந்தலைச் சாவியால் எஞ்சினை இயக்கிப் பார்த்து, இயங்கினால் அணைத்துவிட்டு மீண்டும் கருந்தலைச் சாவிகளால் முயல வேண்டும். செந்தலைச் சாவி தொலைந்தாலும் வண்டி ஓடும். ஆனால் இனி ஒரு புதிய சாவியைக்கூடப் பதிய இயலாது. அதன்பின் மறுபதிவு தேவைப்படும் நாளில் தடுப்பி அமைப்பு முழுவதையும் மாற்ற நேரிடும். பழைய வண்டியை வாங்குவோர் ஓட்டம் எத்தனை கிலோமீட்டர் என்று கேட்பதோடு செந்தலைச் சாவி உள்ளதா என்றும் கேட்பது நலம். கவாசாகியின் சில வண்டிகளிலும் இதே போன்ற தலைமைச் சாவி உண்டு.

பழைய சில்லு ஒன்றை ஆண்டெனாவின் அருகில் நிலையாக ஒட்டிவிட்டு, நகல் சாவியால் ஓட்டும் வழக்கம் சிலரிடம் உள்ளது. வண்டி ஓடும் என்பது உண்மையே. தடுப்பி இருந்தும் இல்லாத நிலை அது. பூட்டை உடைப்பவனுக்குக் குறியீடு ஆயத்தமாகக் காத்திருக்கும்.

சில்லுகளின் குறியீட்டு வலிமையும் எல்லையற்றதன்று. 40 பிட் விசை கொண்ட டி.எஸ்.டி. வகைச் சில்லின் காப்பை உடைக்க முடியும் என்பதை 2005-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் ஆர்.எஸ்.ஏ. ஆய்வகத்தினரும் செய்து காட்டினர். 48 பிட் விசை கொண்ட ஹைடேக் 2 வகையின் குறைகள் 2012-இல் விரிவாக வெளியிடப்பட்டன. இன்று சாவிச் சில்லுகளைப் படியெடுக்கும் கருவிகள் கிடைப்பதற்கு இக்குறைபாடுகளும் ஒரு காரணம். ஆயினும் மூலச் சாவி ஒன்று கையில் இருந்தால்தான் படியெடுத்தல் எளிது.

தொடாச் சாவிகள்

ஆக்டிவா எச்-ஸ்மார்ட் முதலிய வண்டிகளில் சாவியைத் துளையில் நுழைக்க வேண்டியதில்லை. சட்டைப் பையில் இருந்தாலே போதும். வண்டி குறை அதிர்வெண்ணில் சாவியை எழுப்பும். சாவி உயர் அதிர்வெண்ணில் விடை அனுப்பும். விடையனுப்பச் சாவிக்குச் சொந்த பேட்டரி வேண்டும். பல வண்டிகளின் சாவிகளில் 3 வோல்ட் அளிக்கும் சி.ஆர். 2032 என்னும் காசு வடிவ மின்கலம் உள்ளது. ஆகையால் இங்கு தேடலின் வரிசை மாறுகிறது. முதலில் ஐயுற வேண்டியது இச்சிறு மின்கலமே. அதன் பின்னரே வண்டியின் பேட்டரி. சாவியோடு ஒரே பையில் கைப்பேசியை வைத்திருப்பதும் தொடர்பைக் கெடுக்கும்.

ஆக்டிவாவில் சாவி 2 மீட்டர் சுற்றளவுக்குள் இருந்தால் மட்டுமே குமிழைத் திருப்பி வண்டியை இயக்கலாம். விடுவித்த பின் 20 நொடிகள் எச்செயலும் நிகழாவிடில் வண்டி தானே மீண்டும் பூட்டிக்கொள்ளும். மெதுவாகத் தலைக்கவசம் அணிந்துவிட்டுக் குமிழைத் திருப்புபவர் இதனைப் பழுது என எண்ணிவிடுவது இயல்பு.

மின்கலம் தீர்ந்து நடுவழியில் நிற்பவர்களுக்காக நிறுவனங்கள் மாற்று வழி வைத்துள்ளன. ஹார்லி-டேவிட்சன் வண்டிகளில் முன்னரே அமைத்துக்கொண்ட 5 இலக்க எண்ணைத் திரும்பு விளக்குப் பொத்தான்களால் உள்ளிடலாம். இடப் பொத்தானை அழுத்தும் எண்ணிக்கை இலக்கத்தையும், வலப் பொத்தான் அடுத்த இலக்கத்திற்குச் செல்வதையும் குறிக்கும். டுகாட்டியின் பழைய வண்டிகள் சிலவற்றில் குறியீட்டு அட்டையில் அச்சிட்ட 5 இலக்க எண்ணை, விளக்கின் மினுக்கலை எண்ணியவாறு ஆக்சிலரேட்டரைத் திருப்பி உள்ளிட வேண்டும். பின்வந்த தொடாச் சாவி வகைகளில் உரிமையாளர் தாமே அமைக்கும் 4 இலக்க எண் போதும். ஹோண்டாவின் சில ஸ்கூட்டர்களில் சாவியோடு தரப்படும் சிறு அடையாளத் தகட்டில் உள்ள எண் இதற்குப் பயன்படுகிறது. அத்தகட்டைச் சாவியோடு சேர்த்துக் கோக்கவோ, சாவி இல்லாமல் திறக்கவியலாத இருக்கைக்கு அடியில் வைக்கவோ கூடாது. எண்ணை வேறோர் இடத்தில் எழுதி வைத்திருந்தால், வீட்டிலுள்ளவரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டே வண்டியை இயக்கிவிடலாம்.